ஆர்லிஸ் வாங்கிய ரம்பம்

ஹார்டுவேர் கடைக்காரனிடம் ஊரில் யாரும் எதையும் மறைக்க முடியாது. பாதிரியார் வீட்டுக் குழாய் எந்த வாரம் ஒழுகியது, யார் வீட்டு நிலவறையில் எலி, எந்தத் தம்பதி திடீரென்று இன்னொரு படுக்கையறைக்கு வண்ணம் அடிக்கிறார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. முப்பத்தோரு வருடமாக ஹால்வர் லேக்கில் லிண்டால் ஹார்டுவேர் கடையை நடத்துகிறேன். நார்வல் லிண்டால் கொஞ்சம் வாயாடி என்று ஊரில் எனக்குப் பெயர். மினசோட்டாவில் எங்கள் பக்கத்தில், ஒரு மணி நேரத்தில் ஐந்து வாக்கியம் பேசினாலே அந்தப் பெயர் கிடைத்துவிடும். அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆர்லிஸ் ட்வெய்ட் என்னோடு பள்ளியில் படித்தவள். இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள், ஏழாம் நம்பர் வண்டி. உயரமான ஆள். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பாள். ஜனவரி குளிரிலும் கையுறை போடாமல் ஸ்டியரிங் பிடிப்பாள். ஒரு தடவை பனிப்புயலுக்கு நடுவில் வண்டியின் வைப்பர் நின்றுவிட்டது. முப்பது பிள்ளைகள் உள்ளே. ஆர்லிஸ் தன் இரண்டு பூட்ஸ் லேசையும் அவிழ்த்து வைப்பரில் கட்டி, இரண்டு பக்கச் சன்னல் வழியாக உள்ளே விட்டு, பெரிய பிள்ளைகள் இரண்டு பேரை மாற்றி மாற்றி இழுக்கச் சொல்லிக் கண்ணாடியைத் துடைத்தபடியே எல்லோரையும் வீடு சேர்த்தாள். அதைப் பற்றிக் கேட்டால், "லேசு கொஞ்சம் நீளமா இருந்துச்சு" என்பாள். அவ்வளவுதான். எங்கள் ஊரில் தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்வது, சர்ச்சில் சத்தமாக ஏப்பம் விடுவதற்குச் சமம்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருத்தன் கேட்டானாம், இவள் யோசித்து முடிப்பதற்குள் அவன் டகோட்டாவுக்கு வேலைக்குப் போய்விட்டானாம். இது என் மனைவி லவோன் சொல்வது. உண்மையோ பொய்யோ, இருபத்துநாலு வருடம் ரொட்டிக்கடைக்கு மேலே இரண்டு அறையில் ஆர்லிஸ் தனியாக வாடகைக்கு இருந்தாள். அந்த வீட்டுக்காரர் சுவரில் ஒரு ஆணி அடிக்க விடமாட்டார். ஒரு நாள்காட்டி மாட்டுவதற்குக்கூட அவள் என்னிடம் ஒட்டுகிற கொக்கிதான் வாங்குவாள். அது வாரம் ஒருமுறை விழும். வாரம் ஒருமுறை வந்து வாங்குவாள்.

இந்த வருடம் மார்ச் மாதம், ஐம்பத்தெட்டு வயதில், சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற சின்ன நீல வீட்டை அவள் விலைக்கு வாங்கினாள். சாவியை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து என் கடையில் நின்றாள். "எப்படி இருக்கு வீடு?" என்று கேட்டேன். "பரவாயில்ல" என்றாள். ஆனால் முகம் அப்படிச் சிவந்திருந்தது. அவளை அப்படிச் சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

ஊர் சும்மா இருக்குமா? தனியாக இருக்கிற பெண், பழைய வீடு. கரும்பு தின்னக் கூலி கேட்போமா நாங்கள்? முதல் சனிக்கிழமையே பன்னிரண்டு பேர் ஏணியும் வாளியுமாகப் போய் இறங்கினோம். ஊரில் கருவிகளுக்குப் பேர்போன ஹார்லன் மழைநீர்க் குழாயை மாற்றினார். நான் சமையலறைக்கு வண்ணம் அடித்தேன். பாதிரியார் கதவுகளைச் சீவினார். ஒரு கதவை அவர் அதிகமாகவே சீவிவிட்டார், அது வேறு கதை. ஆர்லிஸ் என்ன செய்தாள்? காபி போட்டாள். புளிப்பு ருபார்ப் தண்டு போட்ட கேக் வெட்டினாள். சுத்தியலை எடுத்தால் யாராவது கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். ஏணியில் கால் வைத்தால், "நீ இரு ஆர்லிஸ், நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றார்கள். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. ஏப்ரல் முழுக்க அப்படியே.

அவள் வேண்டாம் என்று சொல்லாமல் இல்லை. அதுதான் சங்கடமே. எங்கள் ஊரில் முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு. இரண்டாவது 'வேண்டாம்' அந்த மரியாதைக்கு மரியாதை. மூன்றாவது தடவை கேட்டதும், "உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா சரி" என்று தட்டை நீட்டிவிட வேண்டும். முதல் தடவையே சரி என்பவன் பேராசைக்காரன். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்பவன் மனிதர்களை மதிக்காதவன். காபிக்கும் இதே கணக்கு, கல்யாணத்துக்கும் இதே கணக்கு. நிஜமாகவே வேண்டாம் என்று ஒருத்திக்குத் தோன்றினால் அதை எப்படிச் சொல்வது என்று எங்கள் முன்னோர் யாரும் யோசித்து வைக்கவில்லை.

ஜூன் மாதம் பள்ளி மூடிய மறுநாள் ஆர்லிஸ் கடைக்கு வந்தாள். நேரே மூன்றாவது வரிசைக்குப் போனாள். அங்கேதான் மின்ரம்பங்கள் இருக்கின்றன. கையில் பிடித்து மரம் அறுக்கிற வட்ட ரம்பம் ஒன்று, மஞ்சள் நிறம், அந்த வாரம்தான் வந்திருந்தது. அதைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தாள். கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். பக்கத்தில் பேட்டரி டிரில், மூலைமட்டம், ரசமட்டம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி ரம்பத்திடமே வந்தாள். நான் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். துணிக்கடையில் சில பெண்கள் ஒரே கவுனிடம் திரும்பித் திரும்பி வருவார்களே, அந்த மாதிரி.

"இது பரவாயில்லையே" என்றாள்.

"எதுக்கு உனக்கு ரம்பம்?"

"பின்வாசல் படி உளுத்துப்போச்சு. புதுசா கட்டலாம்னு."

"அட, அதுக்கா புதுசு வாங்குற? ஹார்லன்கிட்ட மூணு ரம்பம் இருக்கு."

"வேணாம் நார்வல். நானே ஒண்ணு வாங்கிக்கிறேன்."

"காசைக் கரியாக்காத. ஒரு படிக்காக யாராவது ரம்பம் வாங்குவாங்களா?"

"இல்ல, வேணாம்..."

நான் அதற்குள் ஃபோனை எடுத்துவிட்டேன். ஹார்லனுக்கு எழுபத்துநாலு வயது, டிராக்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கார் பனியில் வெளியே நிற்கும், கருவிகள் கொட்டகைக்குள் கதகதப்பாக இருக்கும். உதவி கேட்டால் அவருக்குப் பத்து வயது குறைந்துவிடும். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வர்றேன்னு சொல்லு" என்று கத்தினார். ஆர்லிஸ் அங்கேயே நின்று அந்த மஞ்சள் ரம்பத்தைப் பார்த்தாள். நான் அதை வாங்கி மேல்தட்டில் வைத்தேன். கடையை விட்டு வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு உப்புத்தாள் வாங்கிக்கொண்டு போனாள். ஒரு வியாபாரத்தை விட்டுக்கொடுத்துத் தோழியின் காசை மிச்சம் பிடித்தேனே என்று எனக்கு ஒரே பெருமை. ராத்திரி சாப்பிடும்போது லவோனிடம் சொன்னேன். சொல்லவே கூடாது, ஆனால் சொன்னேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஹார்லன் ரம்பத்தோடு போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். மரம் இன்னும் வரவில்லை என்று ஆர்லிஸ் சொல்லியிருக்கிறாள். அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள், "நான் போய் என் வண்டியில ஏத்திட்டு வரட்டுமா?" என்று அவர் கேட்க, மரம் காயவேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஆர்லிஸ் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய்கள் இவைதான் என்று நினைக்கிறேன். அவ்வளவு மோசமான பொய்கள். வராத மரம் எப்படிக் காயும்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் லவோன் தபால் நிலையத்திலிருந்து நேரே கடைக்கு வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே செய்தி இருக்கிறது என்று தெரிந்தது.

"நார்வல், உட்காரு."

"யாரு செத்தா?"

"யாரும் சாகல. ஆர்லிஸ் சிட்டிக்குப் போயி மஞ்சள் ரம்பம் வாங்கிட்டு வந்திருக்கா. டிரில்லு, மட்டம், எல்லாம். பெரிய கடைப் பையோட வண்டியில இருந்து இறக்குறதை நானே பாத்தேன்."

நாற்பது மைல் தள்ளி, விமானக் கொட்டகை மாதிரி ஒரு கடை அது. உள்ளே போனால் ஆணி வாங்கவே வழிகாட்டி வேண்டும். என் கடையில் இருக்கிற அதே மஞ்சள் ரம்பம்! எனக்குக் கோபம் வந்தது. மறைப்பானேன், நல்ல கோபம். முப்பத்தோரு வருடம். அவள் ஒட்டுகிற கொக்கிக்காகவே ஒரு தனிப் பெட்டி வைத்திருந்தேன்.

"ஏன் அங்க போனா?" என்று கேட்டேன்.

"நீ வித்திருந்தா ஏன் போறா?" என்றாள் லவோன். "வாய் வரைக்கும் கொண்டுவந்த சோத்தை நீதானே தட்டிவிட்டே."

"நான் அவ காசை மிச்சம் பண்ணேன்!"

"அவ கேட்டாளா?"

லவோனுக்குப் பதில் சொல்லி நான் ஜெயித்ததில்லை. அதனால் அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

எங்கள் ஊரில் கோபம் வந்தால் யாரும் கத்தமாட்டார்கள். முன்னைவிட மரியாதையாக நடப்பார்கள். அது கத்துவதைவிடக் கொடுமை. அடுத்த வியாழக்கிழமை ஆர்லிஸ் கடைக்கு வந்தபோது நான் எழுந்து நின்று, "வணக்கம் ஆர்லிஸ், இன்னைக்கு உங்களுக்கு நான் என்ன செய்யட்டும்?" என்றேன். ஆறாம் வகுப்பில் என் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்றவளிடம் 'உங்களுக்கு'!

அவளுக்குப் புரிந்துவிட்டது. கல்லா மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"தெரிஞ்சுபோச்சா?"

"எதைச் சொல்றீங்கன்னு தெரியல. உங்க இஷ்டம். பெரிய கடையில நிறைய வகை இருக்கும். அங்க ஏதோ ஒண்ணுதான் கிடைக்கலையாக்கும்?"

"நார்வல், போதும் நிறுத்து."

நிறுத்தினேன்.

"அங்க ஒரு சின்னப் பொண்ணு நின்னா. மூக்குல வளையம் போட்டுக்கிட்டு. 'என்ன வேணும்?'னு கேட்டா. 'ரம்பம்'னேன். 'எது?'ன்னா. கையைக் காட்டினேன். எடுத்துக் குடுத்தா. அவ்வளவுதான். அவளுக்கு நான் யாருன்னு தெரியாது, எனக்கு வீடு இருக்கா படி இருக்கான்னு தெரியாது. காருக்கு வந்து உட்கார்ந்து அழுதேன், தெரியுமா?"

"எதுக்கு அழுதே?"

"சந்தோஷத்துல! லூசு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருபத்துநாலு வருஷம் ஒரு ஆணி அடிக்க விடல அந்த ஆளு. சரி, அது அவன் வீடு. இப்ப இது என் வீடு. மூணு மாசமாச்சு. என் வீட்டுல நான் இதுவரைக்கும் ஒரு ஆணி அடிக்கல நார்வல். எல்லாத்தையும் நீங்களே பண்ணிட்டீங்க. அழகாத்தான் பண்ணீங்க. நான் காபி போட்டு ஊத்திக்கிட்டே இருக்கேன். அந்த ஒரு படியாவது நான் கட்டணும். என் கையால."

"நீ வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே."

"மூணு தடவையா சொன்னே?"

"ரெண்டாவதுக்குள்ளதான் நீ ஃபோனை எடுத்துட்டியே!"

வண்ணம் அடித்த சமையலறையை நினைத்துக்கொண்டேன். அது என்ன நிறமாக இருக்க வேண்டும் என்று அவளிடம் யாராவது கேட்டோமா? நான்தான் கடையில் மீந்துபோன வெளிர்பச்சையை எடுத்துக்கொண்டு போனேன். வெட்கமாக இருந்தது.

"சரி," என்றேன் கடைசியில். "என்ன வேணும்?"

அவள் நிமிர்ந்து நின்றாள். "மூணு அங்குல ஸ்க்ரூ. மழையில துருப்பிடிக்காதது. ரெண்டு டப்பா."

எடுத்துக் கொடுத்தேன். ஒரு டப்பா போதும் என்று நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன். அவள் பணத்துக்காகப் பையைத் துழாவியபோது ஒரு தாளைக் கல்லா மேல் வைத்தாள். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை கொடுக்கிற அறிக்கைத் தாள். அதன் பின்பக்கம் பென்சிலில் படியை வரைந்திருந்தாள். நன்றாகவே வரைந்திருந்தாள். மண்ணிலிருந்து வாசல் வரை உயரம் இருபத்தெட்டு அங்குலம். நாலால் வகுத்து ஏழு, ஏழு, ஏழு, ஏழு.

தப்பு.

கணக்கு சரி, படி தப்பு. படியைத் தாங்குகிற சரிவுக் கட்டையை ஏழு ஏழு அங்குலமாக வெட்டி, அதன்மேல் ஒன்றரை அங்குலப் பலகையை வைத்தால், தரையிலிருந்து முதல் படி எட்டரை அங்குலம் ஆகிவிடும். மேலே கடைசி ஏற்றம் ஐந்தரைதான் வரும். அதனால் கட்டையின் அடியில் ஒன்றரை அங்குலத்தை முதலிலேயே கழித்துவிட வேண்டும். படி கட்டுகிறவன் எல்லாம் முதல் தடவை செய்கிற தப்பு இது. நானும் செய்திருக்கிறேன். மனிதனின் கால் மட்டும் லேசுப்பட்டதல்ல, கால் அங்குலம் மாறினாலும் கண்டுபிடித்துத் தடுக்கிவிடும்.

"ஆர்லிஸ்," என்றேன், "ஒண்ணு சொல்லட்டுமா?"

"வேணாம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். இன்னொரு தடவை கேட்பதுதான் எங்கள் ஊர் முறை. கேட்காவிட்டால் அக்கறை இல்லாதவன். என் நாக்கு ஏற்கெனவே 'அட, சும்மா கேளு' என்று சொல்லத் தயாராக மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வார்த்தையை மென்று விழுங்கினேன்.

"சரி" என்றேன்.

அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு டப்பாவையும் தூக்கிக்கொண்டு, விசிலடித்தபடி போனாள்.

சனிக்கிழமை அவள் வேலையைத் தொடங்கப்போகிறாள் என்று தெரியும். ஹார்லனை என்ன செய்வது? ரம்பச் சத்தம் கேட்டால் அந்த மனிதர் செருப்புப் போடாமல்கூட ஓடுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையை மூடியதும் லவோனும் நானும் உட்கார்ந்து, போல்ட்டும் நட்டும் வைத்திருக்கிற அறுபது இழுப்பறைகளையும் வெளியே இழுத்து, அதை இதிலும் இதை அதிலும் கொட்டிக் கலந்தோம். முப்பத்தோரு வருடமாக ஒழுங்காக வைத்திருந்தவை. லவோன் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஹார்லன், ஒரு பெரிய விபத்து" என்று ஃபோன் செய்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வரச் சொன்னால் ஏழுக்கே வந்தார். இழுப்பறைகளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார், ஆனால் கண் மட்டும் மின்னியது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒன்பதரை மணிக்கு சர்ச் பக்கமிருந்து சத்தம் வந்தது. ரம்பம் ஒருமுறை கத்தி நின்றது. பிறகு நீளமாகக் கத்தியது. ஹார்லன் கையில் ஒரு போல்ட்டோடு தலையைத் தூக்கினார்.

"யாரோ மரம் அறுக்குறாங்க."

"யாரோதான்" என்றேன்.

"என் ரம்பம் இல்ல அது. என்னது கொஞ்சம் இருமும்." காதைச் சாய்த்துக் கேட்டார். "புதுசு. பிளேடும் புதுசு. அவசரப்படாம அறுக்குறாங்க." பிறகு மெதுவாகக் கேட்டார், "ஆர்லிஸா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டினேன்.

"என் ரம்பத்தை அவ வாசல்லயே வச்சுட்டு வந்தேனே நார்வல். அதுல என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. ஹார்லன், நீங்க முதல் முதல்ல கட்டுனது என்ன?"

"கோழிக்கூண்டு. பதினாறு வயசுல." சிரித்தார். "அவ்வளவு கோணல். ஒரு கோழிகூட உள்ள போகமாட்டேன்னுடுச்சு. எங்கப்பாதான் ஒவ்வொண்ணாக் காலைப் பிடிச்சுத் தூக்கி உள்ள தள்ளுனாரு."

"யாரும் உதவிக்கு வரலையா?"

"வந்திருந்தா நான் விட்டிருப்பேனா?"

ரம்பம் மறுபடி கத்தியது. அவர் அந்த போல்ட்டைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு அதற்குரிய இழுப்பறையில் போட்டார். அன்று மாலை ஐந்து மணிவரை அவர் நகரவில்லை. ஊர் மட்டும் நகர்ந்தது. அன்றைக்கு நாயைக் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் பின்னால் உலாவப் போனவர்கள் எத்தனை பேர் என்று லவோன் எண்ணினாள். நாய் இல்லாதவர்களும் போனார்கள்.

மறுநாள் ஞாயிறு, சர்ச் முடிந்ததும் ஆர்லிஸ் எல்லோரையும் காபிக்குக் கூப்பிட்டாள். "பின்பக்கமா வாங்க" என்றாள்.

வந்து பார்த்தோம். புது மரத்தின் வாசனை. மூன்று பலகை, இரண்டு பக்கமும் கைப்பிடி. ஸ்க்ரூ எல்லாம் நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசை. கைப்பிடியின் முனையை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துச் சோப்புக்கட்டி மாதிரி ஆக்கியிருந்தாள். முதலில் ஏறியது பாதிரியார். முதல் படியில் பூட்ஸ் நுனி தட்டியது. சமாளித்துக்கொண்டு ஏறினார். கடைசி ஏற்றத்தில், இன்னும் உயரம் இருக்கிறது என்று நினைத்துத் தூக்கிய கால் பொத்தென்று வாசல் தரையில் இறங்கியது. அடுத்து லவோன். தட்டியது, பொத்து. அடுத்து ஹார்லன். தட்டியது, பொத்து. வரிசையாக ஊரே தட்டித் தட்டிப் பொத்துப் பொத்தென்று ஏறியது. "காத்து நல்லா வருது" என்றார் ஒருவர். நான் மட்டும் ஒழுங்காக ஏறினேன், எனக்குத்தான் தெரியுமே.

ஹார்லன் காபியைக் கீழே வைத்தார். அவர் கை தானாகவே பைக்குள் போய் டேப்பை வெளியே எடுத்தது. பாவம், அந்தக் கைக்கு வேறு எதுவும் தெரியாது. அளந்தார்.

"முதல் படி ஒன்றரை அங்குலம் கூட" என்றார்.

"தெரியும்" என்றாள் ஆர்லிஸ். "நேத்து மாட்டி முடிச்சு ஏறும்போதுதான் தெரிஞ்சுது."

"பெரிய விஷயமில்ல. நாளைக்கு வந்து ஒரு மணி நேரத்துல சரி பண்ணிடுறேன்."

"வேணாம் ஹார்லன்."

"அட, எனக்கு என்ன வேலை? வர்றேன்."

"வேணாம்."

"சிரமமே இல்லம்மா. கட்டையைக் கழட்டிக் கீழ கொஞ்சம் சீவிட்டா..."

எல்லோரும் கேக்கை வாயில் வைத்தபடி நின்றோம். மூன்றாவது தடவை கேட்டாயிற்று. எல்லோருக்கும் அடுத்த வரி தெரியும். உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா சரி. ஹார்லன் டேப்பைச் சுருட்டக்கூட இல்லை.

ஆர்லிஸின் கழுத்து சிவந்தது, கன்னம் சிவந்தது, நெற்றி சிவந்தது.

"வேணாம்" என்றாள். "நான் நிஜமாத்தான் சொல்றேன். இது என் படி. ரம்பம் நான் வாங்கினேன், மரம் நான் அறுத்தேன், தப்பும் என்னோடதுதான். சரி பண்ணணும்னா நான் பண்ணிக்குவேன். இல்ல, இப்படியே விட்டுடுவேன்." மூச்சு வாங்கினாள். "எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. நல்லா கட்டியிருக்கேன்."

நல்லா கட்டியிருக்கேன்! ஹால்வர் லேக்கில் ஒருவர் தன் வாயால் இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பாதிரியார் மேலே வானத்தைப் பார்த்தார். யாரோ ஒருவர் இருமினார். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டவில்லை, நானும் இந்த ஊர்க்காரன்தானே.

ஹார்லன் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். படியில் இறங்கினார். திரும்பினார். முதல் படிக்குக் காலைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கி, கடைசிக்குக் கொஞ்சம் குறைவாகத் தூக்கி, சத்தமில்லாமல் ஏறி வந்தார்.

"பழகிடும்" என்றார். "ரெண்டாவது பலகை ஆடவே இல்ல. எப்படிப் பிடிச்சே?"

அவள் அவரைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போய், பலகைக்கு அடியில் குறுக்குக் கட்டை கொடுத்திருப்பதைக் காட்டினாள். இரண்டு பேரும் மண்டியிட்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு மண்ணில் மண்டியிட்டு ஹார்லன் கேள்வி கேட்டுக்கொண்டே போக, ஆர்லிஸ் பதில் சொல்லிக்கொண்டே போனாள். அன்று காபியை லவோன்தான் ஊற்றினாள்.

எல்லோரும் கிளம்பினார்கள். கார்கள் முன்வாசலில் நின்றும்கூட ஒருவர் விடாமல் பின்படி வழியாகவே இறங்கினார்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து. நான் கடைசியாக நின்றேன். ஆர்லிஸ் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டபடி என்னைப் பார்த்தாள்.

"நீ மட்டும் தடுக்காம ஏறினியே, பாத்தேன்."

நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"அன்னைக்குக் கடையில நீ சொல்ல வந்தது இதைத்தானா?"

"ஆமா."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"நீதானே வேணாம்னு சொன்னே."

அவள் படியின் கைப்பிடியை ஒருமுறை தடவினாள்.

"ஒரு தடவைதானே சொன்னேன்" என்றாள்.

"ஒரு தடவைதான் சொன்னே" என்றேன்.